“சார், கேக்கல!” – ஆன்லைன் வகுப்புக் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

வகுப்பு நடுவில் ஏதாவது நின்றால் கை தானாக ரீஸ்டார்ட்டுக்குப் போகும். பாதி தடவை சரியாகியும் விடும். எதனால் சரியானது என்று தெரியாததால், அடுத்த வாரம் அதே கோளாறு வரும்போது மறுபடி பத்து நிமிடம் வகுப்பு போகும். போனைத் தொடுவதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்துகொண்டால், தேட வேண்டிய இடம் பாதிக்கு மேல் சுருங்கிவிடும்.

முதல் கேள்வி: எல்லாருக்குமா, உங்களுக்கு மட்டுமா? சாட்டில் “குரல் கேக்குதா?” என்று ஒரு வரி போடுங்கள். மற்றவர்களுக்கும் கேட்கவில்லை என்றால் கோளாறு பேசுபவர் பக்கம். உங்கள் செட்டிங்ஸை நோண்டுவது வீண்வேலை.

இரண்டாவது: வருவது தடைபடுகிறதா, போவது தடைபடுகிறதா? டவுன்லோடும் அப்லோடும் தனித்தனி. ஆசிரியர் பேசுவது உங்களுக்குத் தெளிவாகக் கேட்டு, நீங்கள் பேசுவது மட்டும் அவருக்கு உடைந்து போகலாம். அப்போது “எனக்கு நெட் நல்லாத்தானே இருக்கு” என்று வாதாடுவதில் பயனில்லை.

கீழே இருப்பதை வரிசையாகப் படிக்க வேண்டாம். உங்கள் அறிகுறி எதுவோ அங்கே போங்கள்.

“உங்க குரல் வெட்டி வெட்டி வருது”

அப்லோடு கோளாறு. ஸூம் சொல்லும் கணக்குப்படி குரலுக்கு மட்டும் 60 முதல் 80 கேபிபிஎஸ் (நொடிக்கு அத்தனை கிலோபிட்) போதும். திரையை மட்டும் பகிர 50 முதல் 75. குழு வகுப்பில் உங்கள் முகம் நல்ல தரத்தில் போக வேண்டுமானால் அப்லோடில் 1 எம்பிபிஎஸ் (ஆயிரம் கேபிபிஎஸ்) வேண்டும். அதாவது உங்கள் முகம், உங்கள் குரலைப்போலப் பத்து மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கிறது. அதனால் முதல் வேலை கேமராவை அணைப்பது. குரல் உடனே சீரானால் நோய் என்னவென்று தெரிந்துவிட்டது.

கேமராவை அணைத்தும் சரியாகவில்லையா? பின்னணியில் எதுவோ அப்லோடு ஆகிக்கொண்டிருக்கலாம். பெரும்பாலும் போட்டோ பேக்கப். காலையில் எடுத்த ஒரு வீடியோ, வைஃபை கிடைத்ததும் மேகத்துக்கு ஏறத் தொடங்கியிருக்கும். வகுப்பு முடியும்வரை பேக்கப்பை நிறுத்திவையுங்கள். அதே வைஃபையில் இருக்கும் மற்ற போன்களிலும் பாருங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம். ஸ்பீடு டெஸ்ட் 20 எம்பிபிஎஸ் காட்டும், குரல் மட்டும் உடையும். ஒரு பெரிய ஃபைல் மேலே போகும்போது ரூட்டர் தன்னிடம் வரும் பாக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) வரிசையில் நிறுத்திவைக்கிறது. உங்கள் குரல் அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறது. வேகம் குறையவில்லை, காத்திருப்புத்தான் கூடியது. குரலுக்கு ஒரு வழித் தாமதம் 150 மில்லி நொடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது ஐடியு என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பு வைத்திருக்கும் வரையறை. எனவே டெஸ்டில் பெரிய எண்ணை மட்டும் பார்க்காமல் பிங்கையும் (போய்த் திரும்பும் நேரம்) ஜிட்டரையும் (அந்த நேரம் எவ்வளவு மாறுகிறது என்பது) பாருங்கள். ஜிட்டர் தாறுமாறாக ஏறி இறங்கினால் வேகம் எவ்வளவு இருந்தும் குரல் உடையத்தான் செய்யும்.

வைஃபையில் பொதுவாக 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசை இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், ஆனால் நெரிசல் அதிகம்: ஒன்றன்மேல் ஒன்று விழாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் இயங்குகின்றன. யாராவது அடுப்பைப் போடும்போதெல்லாம் வகுப்பு திணறினால் காரணம் அதுவே. ரூட்டர் இருக்கும் அறையிலேயே உட்கார முடிந்தால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். இரண்டு சுவர் தாண்டினால் 2.4 தான் கதி.

மொபைல் டேட்டாவில் என்றால் ஏரோபிளேன் மோடைப் போட்டுப் பத்து நொடி கழித்து எடுங்கள். போன் டவரோடு புதிதாகத் தொடர்பு கொள்ளும். முழு ரீஸ்டார்ட்டுக்கு இது மேல், வகுப்பும் அதிக நேரம் போகாது.

இரண்டு சிம் போட்ட போனில் இன்னொரு வினோதம் உண்டு. ஒரு சிம்மில் வகுப்பு ஓடும்போது மறு சிம்முக்கு அழைப்பு வந்து எடுத்தால், பல போன்களில் முதல் சிம்மின் டேட்டா அப்படியே நின்றுவிடும். அழைப்பு முடிந்ததும் திரும்ப வரும். கோளாறு இல்லை, போனின் அமைப்பே அப்படி. ஒரே சிம்மாக இருந்தாலும் வோல்ட்டி (4ஜி வழியாகவே அழைப்பு பேசும் வசதி) அணைந்திருந்தால் அழைப்பு வரும்போது இணைப்பு 4ஜியிலிருந்து கீழே இறங்கும். வோல்ட்டியை ஆன் செய்துவையுங்கள்.

“சுத்தமா எதுவுமே கேக்கல”

உடைந்து கேட்பதும் அறவே கேட்காததும் வேறு வேறு நோய். அறவே கேட்காவிட்டால் நெட்டைச் சந்தேகிக்காதீர்கள். எங்கோ ஒரு சுவிட்ச்தான் தவறாக இருக்கிறது.

ஸூமில் போன் வழியாகச் சேரும்போது ஆடியோவில் சேர்வது தனியான படி. கீழே மைக் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஹெட்போன் படம் தெரிந்தால் நீங்கள் இன்னும் ஆடியோவில் சேரவே இல்லை. மியூட்டை எடுக்க முயல்வது பயன் தராது. அந்தப் படத்தைத் தட்டி வைஃபை அல்லது டேட்டா வழி ஆடியோவைத் தேர்ந்தெடுங்கள்.

சேர்ந்தும் கேட்கவில்லை என்றால் புளூடூத்தைப் பாருங்கள். அடுத்த அறையில் கிடக்கும் இயர்பட்ஸோ ஸ்பீக்கரோ சத்தத்தை இழுத்துக்கொண்டு தனியாகப் பேசிக்கொண்டிருக்கும். புளூடூத்தை அணைத்தால் குரல் போனுக்கு வரும். வால்யூம் பட்டனை வகுப்புக்குள் இருக்கும்போதே அழுத்துங்கள். ஆண்ட்ராய்டில் பாட்டுக்கான ஒலியளவும் அழைப்புக்கான ஒலியளவும் வேறு.

நீங்கள் பேசுவதுதான் போகவில்லை என்றால் அனுமதியைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 11 முதல், சில மாதங்கள் திறக்காத ஆப்பின் அனுமதிகளைப் போனே பறித்துவிடும். விடுமுறை முடிந்து முதல் நாள் வகுப்பில் மைக் வேலை செய்யாததற்கு இது வழக்கமான காரணம். செட்டிங்ஸ் → ஆப்ஸ் → அந்த ஆப் → பர்மிஷன்ஸ். ஆண்ட்ராய்டு 12 முதல் மேலிருந்து இழுக்கும் திரையில் மைக்குக்கும் கேமராவுக்கும் தனித்தனி சுவிட்ச் வந்தது. அது அணைந்திருந்தால் அனுமதி கொடுத்தும் பயனில்லை. அதே பதிப்பு முதல், மைக் உண்மையில் இயங்கும்போது திரையின் மேல் மூலையில் பச்சைப் புள்ளி தெரியும். ஐபோனில் மைக் மட்டும் என்றால் ஆரஞ்சு. புள்ளி இல்லையென்றால் மைக் ஓடவில்லை.

கம்பி இயர்போன் என்றால் பின்னைக் கையில் எடுத்துப் பாருங்கள். உலோகத் தண்டில் கறுப்பு வளையங்கள் தெரியும். இரண்டு வளையம் என்றால் அதில் மைக்கே கிடையாது, கேட்க மட்டும்தான். மூன்று வளையம் இருந்தால் மைக் உண்டு. மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் தனித்தனித் துளை வைத்த கம்ப்யூட்டரில் மூன்று வளையப் பின்னைச் செருகினால் கேட்கும், பேச முடியாது. இரண்டாகப் பிரிக்கும் சின்ன ஸ்ப்ளிட்டர் கேபிள் ஒன்று வேண்டும்.

“பேசினா எதிரொலிக்குது”, “ஙொய்னு விசில் அடிக்குது”

ஒரே அறையில் இரண்டு கருவிகள் ஒரே வகுப்பில் இருக்கின்றன. ஒன்றின் மைக்கையும் ஸ்பீக்கரையும் இரண்டையுமே அணையுங்கள். மைக்கை மட்டும் மியூட் செய்தால் பாதி வேலைதான் ஆகும். தன் குரலே தனக்குத் திரும்பக் கேட்கிறது என்பவர் குற்றவாளி இல்லை என்பதையும் கவனியுங்கள். எதிர்முனையில் யாரோ ஸ்பீக்கரைச் சத்தமாக வைத்திருக்கிறார். ஒவ்வொருவராக மியூட் செய்துகொண்டே வந்தால் யாரிடம் நிற்கிறதோ அவரே.

“பாட்டு அருமையா கேக்குது, வகுப்புல மட்டும் டப்பாக்குள்ள பேசுற மாதிரி இருக்கு”

புளூடூத் ஹெட்போன் கெட்டுப்போகவில்லை. பாட்டு கேட்கும்போது அது ஒலியை ஒரு திசையில் மட்டும் வாங்குகிறது, தரம் முழுதாகக் கிடைக்கிறது. மைக் திறந்த நொடியே இரு திசைக்குமான அழைப்பு முறைக்கு மாறி, தரம் பழைய தொலைபேசி அளவுக்கு இறங்கும். கேட்பது மட்டுமே முக்கியமான வகுப்பில், ஆப்பின் ஆடியோ செட்டிங்ஸில் மைக்காகக் கம்ப்யூட்டரின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தால் ஹெட்போன் நல்ல தரத்திலேயே நிற்கும். போனில் இப்படிப் பிரிக்க வழி பெரும்பாலும் இல்லை. கம்பி இயர்போன் போடுங்கள்.

“புல்லாங்குழல் வாசிச்சா பாதி ஸ்வரம் காணாமப் போகுது”

இசை வகுப்பு எடுப்பவர்களைப் பாடாய்ப் படுத்தும் கோளாறு. நெட்டைக் குறை சொல்லாதீர்கள். வகுப்பு ஆப்கள் மனிதப் பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை இரைச்சல் என்று வடிகட்டுகின்றன. நீட்டிப் பிடித்த ஒரு ஸ்வரம் அந்த வடிகட்டிக்கு மின்விசிறிச் சத்தம் போலத்தான் தெரியும். தம்புரா ஒலி முதல் பலி.

ஸூமில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்ற வசதியை ஆடியோ செட்டிங்ஸில் திறந்துவிட்டு, வகுப்புக்குள் அதைத் தட்டி ஆன் செய்ய வேண்டும். செட்டிங்ஸில் திறந்துவிட்டு வகுப்பில் தட்ட மறப்பதுதான் வழக்கமான தவறு. எதிரொலியை அடக்கும் வேலையையும் சேர்த்து அணைத்தால் ஒலி இன்னும் சுத்தமாகும், ஆனால் ஹெட்போன் கட்டாயம், இல்லையென்றால் விசில்தான். கூகுள் மீட்டில் ‘நாய்ஸ் கேன்சலேஷன்’ என்பதை அணையுங்கள்.

ஆசிரியரும் மாணவரும் ஒரே நேரத்தில் சேர்ந்து பாடுவதற்கு மட்டும் எந்த செட்டிங்கும் உதவாது. தாளம் பிசகாமல் சேர்ந்து வாசிக்க ஒரு வழித் தாமதம் ஏறக்குறைய 25 மில்லி நொடிக்குள் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஒலி காற்றில் எட்டரை மீட்டர்தான் போகும்; அதாவது ஒரு பெரிய கூடத்தின் இரு முனைகளில் உட்கார்ந்து வாசிப்பதற்குச் சமம். வீடியோ அழைப்பு இதைப் பலமடங்கு தாண்டிவிடும். ஒருவர் பாட மற்றவர் மியூட்டில் சேர்ந்து பாடுவதே நடைமுறை வழி.

“மதியத்துக்குள்ள டேட்டா தீர்ந்துடுது”

கணக்கு எளிது. எட்டு பிட் ஒரு பைட் என்பதால், 1 எம்பிபிஎஸ் ஒரு மணி நேரம் ஓடினால் 450 எம்பி (மெகாபைட்). குரல் மட்டும் ஒரு திசையில் 80 கேபிபிஎஸ். மணிக்கு 36 எம்பி. வரும் படம் 600 கேபிபிஎஸ் என்றால் மணிக்கு 270. அதோடு உங்கள் கேமராவும் 1 எம்பிபிஎஸ்ஸில் போனால் இரண்டும் சேர்ந்து 720. அப்லோடும் பில்லில் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எனவே கேமராவை அணைப்பதிலேயே பாதிக்கு மேல் மிச்சம். அடுத்தது, ஸூமில் வரும் படங்களை நிறுத்தும் தேர்வு. பதிவான பாடம் என்றால் 360பி போதும். கரும்பலகை எழுத்து தெரியாவிட்டால் மட்டும் 480பி. அதைவிட நல்லது வைஃபை கிடைக்கும் இடத்தில் இரவே இறக்கிவைத்துக்கொள்வது. திரும்பத் திரும்பப் பார்க்கும் பாடத்தை ஒவ்வொரு தடவையும் புதிதாக ஓடவிட்டால் ஒவ்வொரு தடவையும் டேட்டா போகும்.

“ஸ்கிரீன் ஷேர் பண்ணா கறுப்பா தெரியுது”

வங்கி ஆப், படம் பார்க்கும் ஆப், சில தேர்வு ஆப்கள் தங்கள் திரையை யாரும் பிடிக்கக் கூடாது என்று பூட்டிவைத்திருக்கும். மற்றவர்களுக்குக் கறுப்பாகத்தான் தெரியும், அதற்கு மருந்தில்லை. படம் போய் சத்தம் போகவில்லை என்பது வேறு: பகிரத் தொடங்கும்போதே ‘ஷேர் சவுண்ட்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். போனின் உள்ளே ஓடும் ஒலியை வேறு ஆப் எடுத்துக்கொள்ளும் வசதி ஆண்ட்ராய்டு 10-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய போனில் தேடாதீர்கள்.

“லிங்க் திறந்தா பர்மிஷன் இல்லைங்குது”

பெரும்பாலும் தவறான கணக்கில் இருக்கிறீர்கள். போனில் சொந்த ஜிமெயிலும் பள்ளி கொடுத்த முகவரியும் இரண்டும் இருக்கும். லிங்க் முதலாவதில் திறக்கும், ஃபைலோ இரண்டாவதற்குத்தான் பகிரப்பட்டிருக்கும். மேலே வலது மூலையில் இருக்கும் வட்டப் படத்தைத் தட்டிக் கணக்கை மாற்றுங்கள். உறுதி செய்ய, லிங்கை பிரவுசரின் இன்காக்னிட்டோ ஜன்னலில் ஒட்டிப் பள்ளிக் கணக்கில் மட்டும் உள்நுழையுங்கள். அங்கே திறந்தால் ஆசிரியர் சரியாகத்தான் பகிர்ந்திருக்கிறார். “அணுகல் கோரிக்கை” பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் ஆசிரியரின் அஞ்சல் பெட்டிதான் நிரம்பும்.

“அசைன்மென்ட் ஏறவே மாட்டேங்குது”

12 மெகாபிக்சல் கேமராவில் ஒரு பக்கத்தைப் படமெடுத்தால் 3 முதல் 5 எம்பி. பத்துப் பக்கம் 40 எம்பி என்று வையுங்கள். 1 எம்பிபிஎஸ் அப்லோடில் அது ஏற 320 நொடி, அதாவது ஐந்து நிமிடத்துக்கு மேல். கடைசி நாள் 11.57-க்குத் தொடங்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

போட்டோ எடுக்காமல் ஸ்கேன் செய்யுங்கள். ஆண்ட்ராய்டில் கூகுள் டிரைவ் ஆப்பிலும், ஐபோனில் நோட்ஸ் ஆப்பிலும் ஸ்கேன் வசதி உள்ளேயே இருக்கிறது. கறுப்பு வெள்ளை அல்லது கிரேஸ்கேல் ஃபில்டரைத் தேர்ந்தால் தாளின் மங்கல் நிறமும் நிழலும் போய்விடும்; எல்லாப் பக்கமும் ஒரே பிடிஎஃப்பாக, மிகச் சிறிய அளவில் வரும். பென்சிலில் எழுதியது கறுப்பு வெள்ளையில் அழிந்துபோகக்கூடும், அதற்கு கிரேஸ்கேல்.

அளவு சரியாக இருந்தும் ஏறவில்லையா? தளத்தின் வரம்பைப் பாருங்கள். மூடில் (பாடமும் தேர்வும் நடத்தும் தளம்) போன்ற பல தளங்கள் பிஹெச்பி என்ற நிரல்மொழியின் மேல் ஓடுகின்றன. அதில் யாரும் மாற்றாதவரை ஒரு ஃபைலுக்கு 2 எம்பி, ஒரு சமர்ப்பிப்புக்கு மொத்தம் 8 எம்பி என்பதுதான் வரம்பு. மொத்த வரம்பைத் தாண்டினால் சில தளங்களில் பிழைச் செய்திகூட வராது. படிவம் காலியாகத் திரும்ப வந்து நிற்கும். மாணவர் ஏறிவிட்டது என்றே நினைப்பார். தளத்தை நடத்துபவர் இந்த இரண்டு எண்களையும் சேர்த்து உயர்த்த வேண்டும். ஒன்றை மட்டும் உயர்த்தினால் மற்றொன்று தடுக்கும்.

ஐபோன் படங்கள் ஏறினாலும் ஆசிரியருக்குத் திறக்காமல் போகலாம். 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன் கேமரா ஹெச்இஐசி என்ற, எல்லாக் கருவியும் திறக்காத வடிவில் சேமிக்கிறது. செட்டிங்ஸ் → கேமரா → ஃபார்மட்ஸ் → மோஸ்ட் கம்பாட்டிபிள் என்று மாற்றினால் இனி எடுக்கும் படங்கள் ஜேபெக்காக இருக்கும். ஏற்கெனவே எடுத்தவை மாறாது. ஏறும்போது திரையை அணைக்காதீர்கள், வேறு ஆப்புக்கும் போகாதீர்கள். முடிந்ததும் சமர்ப்பித்த பக்கத்திலிருந்தே ஃபைலைத் திறந்து கடைசிப் பக்கம்வரை இருக்கிறதா என்று பாருங்கள்.

“தமிழ் எழுத்து கொத்துக் கொத்தா வருது”

எப்படிச் சிதைந்திருக்கிறது என்பதைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடலாம்.

வெறும் கட்டங்களாக வந்தால் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை. ஃபைலில் தவறில்லை.

பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக வந்தால் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி என்று தெரிகிறதா? அதுவேதான். அந்த எழுத்துருவை நிறுவினால் உங்களுக்கு மட்டும் தெரியும்; மாணவர்களின் போனில் தெரியாது, தேடலிலும் கிடைக்காது. யூனிகோடு (எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துமுறை) மாற்றியில் ஒட்டி மாற்றி அனுப்புங்கள்.

தலையில் கோடு போட்ட சின்ன ‘ஏ’யும், வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியும் மாறி மாறி வந்தால் ஃபைல் சரியான யூடிஎஃப்-8 (யூனிகோடு எழுத்தைச் சேமிக்கும் முறை). திறந்த மென்பொருள்தான் அதை வேறு குறியீடாக நினைத்துவிட்டது. அம்முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். மூன்றையும் தனித்தனி எழுத்தாகக் காட்டுகிறது. மதிப்பெண் பட்டியலை சிஎஸ்வியாக (வெறும் எழுத்தாலான அட்டவணை ஃபைல்) இறக்கி எக்செலில் இருமுறை தட்டித் திறக்கும்போது இது நடக்கும். தட்டித் திறக்காமல், எக்செலில் டேட்டா → ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி போய், ஃபைல் ஆரிஜின் என்ற இடத்தில் 65001 யூடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள். சிதைந்த நிலையில் சேமித்துவிடாதீர்கள்.

“போன் சுடுது, அப்புறம் படம் திக்குது”

சூடு ஏறினால் போன் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கேமரா, ஸ்பீக்கர், திரை, சார்ஜ் நான்கும் ஒரே நேரத்தில் ஓடுவதுதான் காரணம். வகுப்புக்கு முன்பே சார்ஜ் ஏற்றி, வயரைக் கழற்றிவிட்டு உட்காருங்கள். கவரைக் கழற்றுங்கள், வெளிச்சத்தைக் குறையுங்கள். தலையணைமேல் வைக்க வேண்டாம். ஃபிரிட்ஜில் வைப்பது கூடவே கூடாது, உள்ளே ஈரம் கோக்கும்.

“வகுப்பு அறிவிப்பே வரல”

பேட்டரியைச் சேமிக்க ஆண்ட்ராய்டு அந்த ஆப்பைத் தூங்கவைத்திருக்கும். ஆப்பின் பேட்டரி பக்கத்தில் ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ கொடுங்கள். ஆண்ட்ராய்டு 13 முதல் அறிவிப்புக்கும் தனி அனுமதி வேண்டும். முதல்முறை கேட்டபோது “வேண்டாம்” தட்டியிருப்பீர்கள்.

“இணைப்பு பாதுகாப்பில்லைன்னு வருது”

தேதியைப் பாருங்கள். பேட்டரி முழுதாகத் தீர்ந்து எழுந்த பழைய போனில் தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும்; தளத்தின் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று போன் நினைக்கும். தானியங்கித் தேதி நேரத்தை ஆன் செய்யுங்கள்.

“குவிஸ் பாதியில நின்னுடுச்சு”

பதற்றத்தில் பேக் பட்டனை அழுத்தாதீர்கள், இரண்டாவது டேபில் திறக்காதீர்கள். நேரம் ஓடுவது சர்வரில். உங்கள் பக்கம் நெட் போனாலும் அது நிற்காது. மூடில் தளத்தில் விடைகள் வழக்கமாக நிமிடத்துக்கு ஒரு தடவை தானாகச் சேமிக்கப்படும். எனவே கடைசி ஒரு நிமிடத்து விடைதான் போயிருக்கும். இணைப்பு திரும்பியதும் அதே பக்கத்தில் காத்திருங்கள். எச்சரிக்கை மறைந்ததும் தொடரலாம். பக்கம் செத்தே போய்விட்டால் மறுபடி உள்நுழைந்து ‘தொடரவும்’ என்பதைத் தட்டுங்கள். நீளமான விடையை மட்டும் நோட்ஸ் ஆப்பில் அடித்து ஒட்டுவது நல்லது.

இத்தனையும் பார்த்துத் தீரவில்லை என்றால் உதவி கேட்கும் செய்தியில் “ஒர்க் ஆகல” என்று மட்டும் எழுதாதீர்கள். பிழை தெரியும் ஸ்கிரீன்ஷாட், நடந்த நேரம், போனின் ஆண்ட்ராய்டு அல்லது ஐஓஎஸ் எண், ஆப்பின் பதிப்பு, வைஃபையா டேட்டாவா, எல்லாருக்குமா உங்களுக்கு மட்டுமா என்ற ஆறையும் போடுங்கள். நேரம் இருந்தால்தான் சர்வர் பதிவேட்டில் உங்கள் வரியைத் தேடி எடுக்க முடியும்.